உடம்பைக் கட்டிக் காக்கும் நூல்

எங்கள் ஊர் வன்னியம்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மேற்கே மலை தெரிகிற ஊர். நூல் என்றால் என்ன, முறுக்கு என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் ஏற்பட்ட காலத்திலிருந்து இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் பஞ்சும் நூலும்தான் சோறு போடுகின்றன. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி போடுகிறவர்கள் நெய்வது ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற கட்டுத் துணி. காயத்தைக் கட்டுகிற அந்த மெல்லிய வலைத் துணியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சகோதரிகளே, நம் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் இதேபோல ஒரு நூல் ஆலை ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? அங்கேயும் நூற்கிறார்கள், முறுக்குகிறார்கள், வலை நெய்கிறார்கள், வடம் திரிக்கிறார்கள், கிழிந்தால் தைக்கிறார்கள். அந்த ஆலையின் சரக்குக்குத்தான் இணைப்புத் திசு என்று பெயர். பிள்ளை பெற்றவர்களும், பெறப்போகிறவர்களும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

இணைப்புத் திசு என்றால் என்ன?

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் சத்தம் போட்டுப் படித்தபோது அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது. உடம்பில் திசுக்கள் நான்கு வகை. மேலே போர்த்துவது ஒன்று, அசைப்பது ஒன்று, சேதி கொண்டுபோவது ஒன்று; அதாவது தோலின் மேற்பரப்பு, தசை, நரம்பு. நான்காவதுதான் இவற்றையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டித் தாங்கி நிற்கிற இணைப்புத் திசு.

மற்ற மூன்றுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். மற்றவற்றில் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல நெருக்கமாக இருக்கும். இதில் செல்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும். இடையில் இருக்கிற பொருள்தான் அதிகம். அந்த இடைப்பொருளில் இரண்டு சமாச்சாரங்கள் உண்டு. ஒன்று நார்கள். இன்னொன்று, ஊறவைத்த சப்ஜா விதையைச் சுற்றி வழவழவென்று நிற்கிறதே, அதுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு கூழ். நார்கள் இழுபடாமல் காக்கும். கூழ் நசுங்காமல் காக்கும். இரண்டையும் தயாரிப்பது அங்கே உட்கார்ந்திருக்கிற நூற்புச் செல்கள்.

நாரிலும் முக்கியமானவை இரண்டு. கொலாஜன் என்பது எளிதில் நீளாத, உறுதியான நார். நம் உடம்பில் இருக்கிற புரதம் முழுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான்! இன்னொன்று எலாஸ்டின். பாவாடைக்குப் போடுகிற எலாஸ்டிக் மாதிரி இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சுருங்கும். தோலிலும், ரத்தக் குழாய்ச் சுவர்களிலும், நுரையீரலிலும் இது நிறைய.

ஒரே நூல், பல துணி

ஒரே நூலைக் கொண்டு கட்டுத் துணியும் நெய்யலாம், கனத்த போர்வையும் நெய்யலாம், தொட்டில் கயிறும் திரிக்கலாம். உடம்பும் அதைத்தான் செய்கிறது.

தோலுக்கு அடியிலும் உறுப்புகளுக்கு இடையிலும் கொலாஜனைத் தளர்வாகப் பின்னினால் அது சத்திரப்பட்டி வலைத் துணி. உள்ளே ரத்தக் குழாய் போக, நோய்க் கிருமியை எதிர்க்கும் செல்கள் நடமாட இடம் இருக்கும். அதையே ஒரே திசையில் நெருக்கமாக முறுக்கினால் தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் விரலால் பிடித்துப் பாருங்கள், கெட்டியாக ஒரு வடம் தட்டுப்படும். எலும்பை எலும்போடு கட்டினால் அதற்கு லிகமெண்ட் என்று பெயர். கூழை அதிகமாக்கி நாரை அதில் பதித்தால் காது மடலிலும் மூக்கு நுனியிலும் இருக்கிற குருத்தெலும்பு. கொலாஜன் நாரின் மேல் சுண்ணாம்புச் சத்தைப் படியவைத்தால் எலும்பு. கட்டடத்தில் கம்பி கட்டிக் காங்கிரீட் போடுவதுபோலத்தான்.

வீட்டில் அசைவம் சமைப்பவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டலாம். கோழிக் காலெலும்பைச் சுத்தமாகக் கழுவி, ஒரு பாட்டிலில் வினிகர் ஊற்றி நாலைந்து நாள் மூழ்கவிடுங்கள். சுண்ணாம்பு கரைந்துபோய், எலும்பு ரப்பர்போல வளையும். மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கொலாஜன்.

கொழுப்புத் திசுவும் இணைப்புத் திசுவில் ஒரு வகைதான். ரத்தத்தையும் பாடப் புத்தகங்கள் இந்தக் குடும்பத்திலேயே சேர்க்கின்றன. ஆக, கட்டுவது, தாங்குவது, மெத்தைபோல் பாதுகாப்பது, சேமிப்பது, கிருமியை எதிர்ப்பது, கிழிந்ததைத் தைப்பது எல்லாம் இதன் வேலை. ஒரு குடும்பத்தில் பெயர் வெளியே தெரியாமல் எல்லாரையும் சேர்த்துப் பிடித்து நிற்கிற பெண்ணின் ஞாபகம் உங்களுக்கு வந்தால் அது என் குற்றமல்ல!

கிண்டியில் அவிழ்ந்த முடிச்சு

இந்தக் கொலாஜன் நூலின் அமைப்பு என்ன என்று உலகத்துக்குச் சொன்னது நம் சென்னைதான். இதை எத்தனை பேர் அறிவோம்?

1952-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி. என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922-ல் பிறந்தவர், சர் சி. வி. ராமனின் மாணவர், அப்போது வயது முப்பதுதான். துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். பிரசவ மருத்துவத்தில் பெரிய நிபுணர். அவர் எழுதிய பிரசவ மருத்துவப் புத்தகத்தை மருத்துவ மாணவர்கள் இன்னமும் புதுப் பதிப்புகளில் படிக்கிறார்கள்.

அந்தச் சமயம் சென்னைக்கு வந்த பெர்னால் என்கிற விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ராமச்சந்திரனுக்கு அது போதும். கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்பதே பெரும்பகுதி கொலாஜன்தானே! அங்கிருந்து கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாண் மாதிரி கிடைத்தது. அதில் எக்ஸ்ரே கதிர்களைப் பாய்ச்சி, விழுந்த புள்ளிகளைப் படம் பிடித்து, அவரும் கோபிநாத் கர்த்தாவும் கணக்குப் போட்டார்கள். 1954-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் முதல் கட்டுரை. 1955-ல் திருத்திய கட்டுரை.

அவர்கள் கண்டது இதுதான்: கொலாஜன் என்பது மூன்று புரி முறுக்கிய கயிறு. ஒவ்வொரு புரியிலும் ஏறக்குறைய ஆயிரம் அமினோ அமிலங்கள் மணிபோலக் கோத்திருக்கும். மூன்றாவது மணி ஒவ்வொன்றும் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சிறியது அது. மூன்று புரியும் நெருங்கி முறுக்கிக்கொள்கிற நட்டநடுவில் வேறு எதற்கும் இடமில்லை. பூமியைச் சுற்றி வருகிற நிலா எப்போதும் ஒரே முகத்தை நம் பக்கம் காட்டுகிறதல்லவா? அதுபோல ஒவ்வொரு புரியும் சுற்றிச் சுற்றிப் போனாலும் கிளைசின் பக்கத்தையே நடுவுக்குக் காட்டுகிறது. இப்படி ஆன ஒரு கொலாஜன் கயிற்றின் நீளம் எவ்வளவு தெரியுமா? மூவாயிரத்துக்கு மேல் நுனியோடு நுனி சேர்த்து வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர்!

இன்னொரு அதிசயம். தனித் தனிப் புரி இடப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. இதை மில்லில் பல வருஷம் வேலை பார்த்த என் அத்தையிடம் சொன்னேன். மாமியாருக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

“அப்படித்தான முறுக்கணும்? ஒத்த நூல ஒரு பக்கம் முறுக்கினா, சேத்து முறுக்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்கணும். இல்லாட்டி பிரிஞ்சுபோகும்லா. இதக் கண்டுபிடிக்கக் கங்காரு வேணுமாக்கும்!” என்றார்.

வெளிநாட்டில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று ஆட்சேபம் சொன்னார்கள். அதற்குப் பதில் தேடப் போய், எந்த அணு எவ்வளவு நெருங்கலாம் என்று ராமச்சந்திரனும் அவருடைய மாணவர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் ஆராய்ந்தார்கள். 1963-ல் வந்த அந்த ஆராய்ச்சியின் பலன் ‘ராமச்சந்திரன் படம்’ என்று இன்று உலகமெங்கும் புரதம் படிக்கிற மாணவர்களுக்குப் பாடம். அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்குக்கு ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’, அதாவது முப்புரி, என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ராஜபாளையம் நாய்க்கு நெல்லிக்காய் வேண்டாம்

கயிறு அவிழாமல் இருக்க முடிச்சு வேண்டாமா? அந்த முடிச்சைப் போட உதவுவதுதான் வைட்டமின் சி. அது இல்லாவிட்டால் உடம்புச் சூட்டிலேயே முப்புரி பிரிந்துவிடும்.

முற்காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் போனவர்களுக்குக் காய்கனி கிடைக்காமல் ஸ்கர்வி என்ற நோய் வந்தது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும். எப்போதோ ஆறிப்போன பழைய தழும்புகூடத் திறந்துகொள்ளும். இதிலிருந்து ஒரு பெரிய உண்மை புலப்படுகிறது: ஆறிய காயத்தை உடம்பு அப்படியே விட்டுவிடுவதில்லை, தினமும் பழைய நூலை உருவிப் புது நூல் வைத்துத் தைத்துக்கொண்டே இருக்கிறது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் நோயாளிகள் பன்னிரண்டு பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு வைத்தியம் செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சட்டென்று தேறினார்கள்.

ஆடு, மாடு, நாய் எல்லாம் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பெருமையான ராஜபாளையம் நாய் நெல்லிக்காயைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். மனுஷருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாம் சாப்பிட்டே தீர வேண்டும்.

இதற்கு விலை உயர்ந்த பழம் வேண்டியதில்லை. பாலூட்டும் தாய்க்குக்கூட நடுத்தர அளவில் ஒரு கொய்யாப் பழம் அன்றைய தேவைக்குப் போதும். நெல்லிக்காய், எலுமிச்சை, பச்சைக் கொத்தமல்லி, தக்காளி எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் கொதிக்கக் கொதிக்க இந்தச் சத்து அழியும். அதனால் எலுமிச்சம் பழத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். காயை நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள், கழுவிவிட்டு நறுக்குங்கள்.

நூலுக்குப் பஞ்சு வேண்டுமே! அந்தப் பஞ்சு புரதம். பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் என்று அவரவர் வழக்கப்படி தினமும் இருக்கட்டும்.

“அப்படியானால் ஆட்டுக்கால் சூப்?” என்று கேட்பீர்கள். ஆட்டுக்காலை நெடுநேரம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் ஜெல்லிபோல உறைகிறதே, அது முப்புரி அவிழ்ந்த கொலாஜன்தான். ருசியான சூப், புரதமும் உண்டு. ஆனால் அது வயிற்றில் செரித்துச் சின்னச் சின்ன துண்டாகிவிடும். ஆட்டின் முழங்காலிலிருந்து நேரே நம் முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. டப்பாவில் பெரிய விலைக்கு விற்கிற கொலாஜன் பவுடருக்கும் வயிற்றில் இதே கதைதான்.

பச்சை உடம்பு

பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எவ்வளவு பொருத்தமான வார்த்தை!

கர்ப்ப காலத்தில் ரிலாக்சின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. குழந்தைக்கு வழி விடுவதற்காக இடுப்பு எலும்புகளைக் கட்டியிருக்கும் நார்கள் தளர்ந்து கொடுக்கின்றன. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடுகிற நார்ப் பட்டை அகன்று மெலிகிறது. தோலுக்குள் நார் இழைகள் அறுந்து வரி வரியாகத் தழும்பு விழுகிறது. பிரசவம் ஒரு நாளில் முடிந்துவிடும். தளர்ந்த நார்கள் அன்றைக்கே இறுகிவிடாது. அதற்கு மாதங்கள் ஆகும்.

ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். மேல் தோல் பத்துப் பன்னிரண்டு நாளில் மூடிக்கொள்ளும். கண்ணாடியில் பார்த்துவிட்டு ‘ஆறிவிட்டது’ என்று நினைக்கிறோம். வயிற்றைத் தாங்குகிற கெட்டி நார்ப்படலம் உள்ளே இருக்கிறது. முதலில் அவசர அவசரமாக மெல்லிய கொலாஜன் போட்டுக் காயத்தை உடம்பு இழுத்துப் பிடிக்கிறது. பிறகுதான் அதைப் பிரித்து, கெட்டி நூலால் நிதானமாகத் தைக்கிறது. மூன்று வாரத்தில் தழும்புக்குப் பழைய பலத்தில் கால் பங்குகூடச் சரியாக வந்திருக்காது. மூன்று மாதத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். முழுப் பலம் ஒருபோதும் வருவதில்லை.

ஆகவே முதல் ஆறு வாரம் பிள்ளையின் எடையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், மாவாட்டும் கிரைண்டரின் கல், ஈரத் துணி வாளி எல்லாம் இதில் சேர்த்தி. அதற்காகப் படுத்தே கிடக்க வேண்டும் என்பதல்ல. மெல்ல நடமாடுவது நல்லது. காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது தேவையும்கூட.

பத்தியம் என்ற பெயரில் சில வீடுகளில் ‘குளிர்ச்சி’ என்று பழத்தை ஒதுக்குகிறார்கள். தண்ணீரையும் அளந்து கொடுக்கிறார்கள். காயம் ஆற வேண்டிய நேரத்தில் நூல் ஆலைக்குப் பஞ்சையும் முடிச்சையும் நிறுத்தினால் எப்படி? பூண்டுக் குழம்பும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு கொய்யாவும் இருக்கட்டும்.

தொட்டில் தளர்ந்தால்

இப்போது பலர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம்.

எங்கள் தெருவில் ஒரு மதினி. மூன்று பிள்ளைகள். கல்யாண வீடு, கோயில் என்று எங்கேயும் வரமாட்டார். பஸ்ஸில் போக வேண்டும் என்றால் ஏதாவது சாக்குச் சொல்வார். ஒரு நாள் பேச்சு வாக்கில் மெதுவாகக் கேட்டார்:

“ரொம்ப நேரம் நின்னா ஏதோ கீழ இறங்குற மாதிரி இருக்கும்மா. சாயங்காலமானா இடுப்பு விட்டுப்போகுது. இருமினா, தும்மினா சேலை நனைஞ்சிருது. இத யாருட்டப் போய்ச் சொல்ல?”

“எத்தன நாளா மதினி இப்படி?”

“நாளா? சின்னவனுக்கு இப்ப ஒன்பது வயசு.”

ஒன்பது வருஷம்! மூன்றாவது பிரசவம் முடிந்த பதினைந்தாம் நாளே குடம் தூக்கியிருக்கிறார். தாயிடம் சொன்னதற்கு, ‘பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்’ என்று பதில் வந்திருக்கிறது. புருஷனிடம் சொல்லவே இல்லை.

இதற்குப் பெயர் கர்ப்பப்பை இறக்கம். கர்ப்பப்பையை உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலேயும் பக்கத்திலும் லிகமெண்ட் கயிறுகள் கட்டியிருக்கின்றன. கீழே இடுப்புத் தளத்துத் தசைகள் உள்ளங்கை ஏந்தியதுபோலத் தாங்குகின்றன. கை தாங்கும்வரை கயிற்றுக்குச் சிரமமில்லை. பல பிரசவம், நெடுநேரப் பிரசவ வலி, பச்சை உடம்பில் கனம் தூக்குவது, விடாத இருமல், முக்கி முக்கி மலம் கழிப்பது, மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் குறைவது இவற்றால் கை தளர்ந்தால், பாரம் முழுதும் கயிற்றில் விழும். இழுபட்டுப்போன கொலாஜன் கயிறு எலாஸ்டிக்போலத் திரும்பச் சுருங்காது.

நல்ல சேதி என்னவென்றால், இதற்கு வைத்தியம் உண்டு. ஆரம்ப நிலையில் பயிற்சியே பெரிய உதவி. 1948-ல் கெகல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிப் பிரபலமாக்கிய முறை இது. சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குகிறோமோ அதை ஐந்து எண்ணும்வரை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றை இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. பால் காய்ச்சும்போது செய்யலாம், பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். அதற்கு மேற்பட்ட நிலைக்கு உள்ளே தாங்கிப் பிடிக்கிற வளையம் வைப்பார்கள், தேவைப்பட்டால் ஆபரேஷன். எது யாருக்கு என்பதை டாக்டர் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

மதினியை நான் கூட்டிக்கொண்டு போனேன். லேடி டாக்டர் வளையம் வைத்து, பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து வந்த ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய், கூட்டத்தோடு நின்று ஆண்டாள் தேரைப் பார்த்துவிட்டு வந்தார்.

குழந்தையின் உடம்பில்

தாய்மார்களே, வயிற்றிலேயே குழந்தைக்கு முதல் காவல் இணைப்புத் திசுதான். தொப்புள் கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை. குழந்தை புரளும்போது அவை நசுங்காமல் காப்பது அவற்றைச் சுற்றியிருக்கும் வழவழப்பான கூழ். 1656-ல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய டாக்டர் அதை விவரித்ததால் ‘வார்ட்டன் ஜெல்லி’ என்கிறார்கள்.

உச்சிக்குழி: தலையெலும்புகள் ஒன்று சேராத இடத்தில் உறுதியான நார்ச்சவ்வு மூடியிருக்கிறது. அது துடிப்பது இயற்கை. முன்பக்கத்துக் குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடும். அதில் எண்ணெய் வைத்து அழுத்த வேண்டாம். குழி உள்வாங்கி, குழந்தை சோர்ந்து, சிறுநீரும் குறைந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். காய்ச்சலோடு மேலே புடைத்திருந்தால் மூளைக்கு ஆபத்தாக இருக்கலாம். இரண்டுக்குமே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முழங்கை: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஒரு கையைப் பிடித்துத் தூக்குவதும், வர மறுத்தால் வெடுக்கென்று இழுப்பதும் வேண்டாம். முழங்கையில் எலும்பைச் சுற்றியிருக்கும் நார் வளையம் இந்த வயதில் தளர்வு. எலும்பு அதிலிருந்து நழுவிவிடும். குழந்தை அழுதுகொண்டே கையைத் தொங்கவிடும். இதை டாக்டர் ஒரு நிமிஷத்தில் சரி செய்துவிடுவார். தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

சுளுக்கு: கணுக்கால் பிசகுவது என்பது பெரும்பாலும் லிகமெண்ட் நார் இழுபடுவதோ கிழிவதோதான். உடனே எண்ணெய் தேய்த்து நீவி இழுத்தால் கிழிசல் பெரிதாகும், வீக்கம் கூடும். முதல் இரண்டு நாள் குளிர்ந்த ஒத்தடம், கிரேப் பாண்டேஜ், காலை உயர்த்தி வைத்து ஓய்வு. காலை ஊன்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே அவசியம். லிகமெண்டுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் ஆற வாரக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

இந்த அறிகுறிகளை விடாதீர்கள்

சில சமயம் உடம்பின் காவல் படையே தவறாக நம் நார்களையும் மூட்டுகளையும் தாக்கும். இந்த வகை நோய்கள் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் விறைத்து, அது ஆறு வாரம் நீடித்தால் முடக்குவாதமாக இருக்கலாம். கன்னம் இரண்டிலும் வண்ணத்துப்பூச்சி விரித்ததுபோலச் சிவந்து, வெயில் பட்டால் அதிகமாகி, கூடவே காய்ச்சலும் மூட்டு வலியும் இருந்தால் லூபஸ் என்ற நோயா என்று பார்க்க வேண்டும். இதில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பள்ளிப் பிள்ளைக்குத் தொண்டை வலி வந்து போன சில வாரத்தில் காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால், முழங்கை என்று வீக்கம் மாறி மாறி வந்தால், ‘வளர்கிற வலி’ என்று விட்டுவிடாதீர்கள். அது இதய வால்வைக் கெடுக்கிற ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். உரிய காலத்தில் பென்சிலின் போட்டால் இதயத்தைக் காப்பாற்றலாம்.

ஒரு சேலையில் இழை விட்டால் உடனே ஊசி நூலை எடுக்கிறோம். பிள்ளையின் சட்டைப் பொத்தான் ஆடினால் விழுவதற்கு முன்பே தைத்துவிடுகிறோம். நம் சொந்த உடம்பில் நூல் தளர்ந்தால் மட்டும் ‘இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று ஒன்பது வருஷம் தள்ளிப்போடுவது என்ன நியாயம்? இதைப் படித்ததும் உங்களுக்கோ, உங்கள் அம்மாவுக்கோ, அடுத்த வீட்டு அக்காவுக்கோ ‘இது எனக்கும் இருக்கிறதே’ என்று தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாகப் போகத் தயக்கம் என்றால் துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.